ஸ்டாக்கிங்கின் பின்பக்கத் தையல் கோடு அழகுக்கா, அவசியத்துக்கா?

மேடையுடை:
வணக்கம். 1943-இல் லண்டனில் நடக்கும் ஒரு நாடகத்துக்கு உடைகள் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் காலப் படங்களில் பெண்களின் ஸ்டாக்கிங்கில் (தொடைவரை நீளும் மெல்லிய காலுறை) குதிகாலிலிருந்து தொடைவரை பின்னால் ஒரு கோடு ஓடுகிறது. அது அலங்காரமா? "அசல் பழசு" என்று விற்பதை எப்படிச் சோதிப்பது? போர்க்காலத்தில் நைலான் போட்டிருப்பார்களா?

தறியும்_ஊசியும்:
அலங்காரமே இல்லை. கால் தொடையில் அகலம், கணுக்காலில் ஒடுக்கம். ஸ்டாக்கிங்கைத் தட்டைத் துணியாகப் பின்னி, கால் வடிவத்துக்கு ஒடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைப்பார்கள். அந்தத் தையல்தான் கோடு.

இதற்கு வழி போட்டவர் நாட்டிங்ஹாம்ஷயரின் கால்வர்ட்டனைச் சேர்ந்த வில்லியம் லீ. 1589-இல் அவர் செய்த பின்னல் சட்டத்தில் (பின்னல் இயந்திரம்) ஒவ்வொரு கண்ணிக்கும், அதாவது நூல் வளையத்துக்கும், ஓர் ஊசி உண்டு. நூலை ஊசிகளின் மேல் போட்டதும், சிங்கர் என்ற மெல்லிய தகடுகள் அதை ஊசிகளுக்கு இடையே அழுத்தி வளைக்கும். பிறகு ஒரு குறுக்குப் பட்டை இறங்கி ஊசிகளின் கொக்கி நுனிகளை மூடும். பழைய கண்ணி அந்தக் கொக்கியின் மேலேறிக் கழன்றுவிழ, புதுக் கண்ணி அதனுள் நிற்கும். அகலத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் ஓரக் கண்ணியை எடுத்து உள் ஊசிக்கு மாற்றுவார்கள். ஓரம் அறுபடாமல் முடிந்திருப்பதால் பிரியாது.

இந்த "பிரியாது" என்பதற்காகவே பின்னாளில் கலவரம் வெடித்தது. 1811-இல் நாட்டிங்ஹாம் பகுதியில் லட்டைட்டுகள் என்ற தொழிலாளர் கூட்டத்தார் பின்னல் சட்டங்களை உடைத்தார்கள். அவர்களை இயந்திரத்துக்கே எதிரிகள் என்று எழுதுவது தவறு. லீயின் வழிவந்த பின்னல் சட்டங்களில் உட்கார்ந்து பிழைத்தவர்கள்தான் அவர்கள். அகலமான துணியை மொத்தமாகப் பின்னி, கால் வடிவில் கத்தரித்துத் தைத்து, மலிவாக விற்றார்கள் முதலாளிகள். வெட்டிய ஓரத்தில் கண்ணிகள் அவிழ்ந்து, தையலே விட்டுப்போகும். தொழிலின் பெயரும் கூலியும் சேர்ந்து கெட்டன. கூலிக்குறைப்பும் பயிற்சி இல்லாதவர்களை வேலைக்கு வைத்ததும் கோபத்தை இன்னும் ஏற்றின. 1812-இல் பின்னல் சட்டங்களை உடைப்பதற்கு மரண தண்டனை என்று நாடாளுமன்றம் விதித்தது.

ஓரம் ஒடுக்கும் வேலையைத் தானாகச் செய்யும் இயந்திரத்துக்கு 1864-இல் லஃப்பரோவில் வில்லியம் காட்டன் காப்புரிமை பெற்றார். பல கால்களை ஒரே நேரத்தில் பின்னும் இயந்திரம் அது. 1940-களின் நல்ல ஸ்டாக்கிங்குகள் எல்லாம் இந்த வகை இயந்திரத்தில் வந்தவை.

டயாகேஜ்:
திருப்பூர்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நாம் வட்ட நிட்டிங் மெஷினில் 24 கேஜ் என்றால் ஓர் இஞ்சுக்கு 24 ஊசி. வில்லியம் காட்டன் வகை மெஷினில் கேஜ் என்பது ஒன்றரை இஞ்சுக்கு. பழைய ஸ்டாக்கிங் உறையில் 51 கேஜ் என்றிருந்தால் இஞ்சுக்கு 34 ஊசி, 60 என்றால் 40. நூலின் பருமனைச் சொல்லும் டெனியர் வேறு கணக்கு: 9,000 மீட்டர் நூலின் எடை கிராமில். 15 டெனியர் என்றால் 15 கிராம்.

வட்ட மெஷினில் குழாயாகவே வருவதால் தையல் தேவையில்லை. ஆனால் ஊசி எண்ணிக்கையை நடுவில் குறைக்க முடியாது; கண்ணியைச் சிறிதாக்கலாம், அவ்வளவுதான். அதனால் பட்டு, ரேயான் காலத்தில் அந்தக் குழாய் கணுக்காலில் தொளதொளத்தது. நைலான் வந்ததும் கால் வடிவ அச்சில் மாட்டி, 100 டிகிரிக்கு மேற்பட்ட நீராவியில் வைத்தால் அந்த வடிவம் அப்படியே நின்றது. தையல் கோடு மறைந்ததற்கு இதுவே பெரிய காரணம்.

தறியும்_ஊசியும்:
அருமை, கேஜ் விஷயத்தை நான் விட்டுவிட்டேன். இனி சோதனை. உட்புறம் வெளியே திருப்பி, பூதக்கண்ணாடியில் கண்ணி வரிசைகளைப் பாருங்கள். அசலில் கெண்டைக்காலிலிருந்து கீழே வரும் வரிசைகள் சாய்ந்துவந்து தையலருகே முடியும். வட்ட மெஷினில் பின்னிக் கோட்டுக்காகவே தைத்த போலியில் தையலுக்கு இணையாகக் கணுக்கால்வரை ஓடும். அசலில் தையலின் இருபுறமும், கண்ணி மாற்றிய இடங்களில், சிறு புள்ளிகள் தெரியும். புள்ளியை மட்டும் நம்பாதீர்கள், வட்ட மெஷினிலும் அதைப் போலச் செய்திருக்கிறார்கள். மேல்பட்டையின் பின்பக்கம் தையல் முடியும் இடத்தில் ஒரு சிறு துளையும் இருக்கும். அது ஓட்டை இல்லை, பட்டையை மடித்துத் தைத்தபோது விட்ட இடம்.

அளவு பாத நீளம், இஞ்சில் (9½, 10). லைக்ரா கிடையாது, இழுபடாது. அரை இஞ்சு பெரிதானால் கணுக்காலில் சுருக்கம் விழும். ஸ்டாக்கிங்கைத் தாங்கும் கிளிப்பைத் தடித்த மேல்பட்டையில் மட்டும் மாட்டுங்கள். மெல்லிய பகுதியில் மாட்டினால் ஒரு கண்ணி அறுந்து ஏணிபோல் ஓடிவிடும்.

மேடையுடை:
நன்றி. அப்படியானால் 1943-க்கு நைலான் வேண்டாமா?

தறியும்_ஊசியும்:
பெரும்பாலும் வேண்டாம். அமெரிக்காவில் 1940 மே 15 அன்று நாடு முழுக்க விற்பனைக்கு வந்த நைலான், போரில் பாராசூட்டுக்குப் போய்விட்டது. லண்டனில் அமெரிக்கச் சிப்பாய் கொண்டுவந்து கொடுத்திருந்தால் உண்டு. கதையில் அப்படி ஒரு பாத்திரம் இருந்தால் அவளுக்கு மட்டும் போடுங்கள். பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் உடைக்கு ரேஷன் கூப்பன் வந்துவிட்டது. மற்றவர்களுக்குத் தடித்த ரேயானோ பருத்தியோ, முட்டியருகே தைத்த ஒட்டோடு. ரேயான் நனைந்தால் வலுவிழக்கும், நன்றாகக் காய்ந்த பிறகே நடிகைகள் மாட்ட வேண்டும். வெறுங்காலில் சாயம் பூசிப் புருவப் பென்சிலால் கோடு வரைந்தவர்களும் நிறைய. அதற்கு ஒருவர் நாற்காலியில் ஏறி நிற்க, இன்னொருவர் பின்னாலிருந்து ஒரே இழுப்பில் வரைவது நல்லது. தானே திரும்பி வரைந்தால் முட்டிக்குப் பின்னால் கோடு வளைந்துவிடும்.