அக்கா பெயரில் யாரோ கடன் வாங்கியிருக்கிறார்கள், வழி சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். அக்காவுக்காகக் கேட்கிறேன்.

தீபாவளிக்கு இன்ஸ்டாகிராமில் பார்த்த ஒரு கடையில் புடவை ஆர்டர் போட்டாள். புடவை வரவில்லை. பணத்தைத் திருப்பித் தர ஆதார், பான் கார்டு வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் கேட்டார்களாம். இரண்டையும் போட்டோ எடுத்து, கூடவே கார்டைக் கையில் பிடித்தபடி ஒரு செல்ஃபியும் அனுப்பிவிட்டாள். அந்த செல்ஃபியை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது.

போன வாரம் வீட்டுக் கடனுக்குப் போனால், சிபில் அறிக்கையில் (நம் பெயரில் உள்ள கடன்களின் விவரம்) அவளுக்குத் தெரியாத இரண்டு ஆப் கடன்கள். 18,000, 35,000. பெயர், பிறந்த தேதி, பான் எண் எல்லாம் அவளுடையது. செல் நம்பர் மட்டும் யாருடையதோ. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்தாயிற்று. எம்-ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிட்டோம். நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று காட்டும் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்தால் அவள் பெயரில் கூடுதலாக ஒரு சிம்! 'என்னுடையது இல்லை' என்று அதையும் பதிந்துவிட்டோம்.

இப்போது சிக்கல் இதுதான். கடன் நிறுவனம் எஃப்ஐஆர் கேட்கிறது. ஸ்டேஷனில் சிஎஸ்ஆர் ரசீதுதான் (புகாரைப் பெற்றதற்கான ரசீது) தந்திருக்கிறார்கள். அதை வைத்தே யாராவது கடனை நீக்க வைத்திருக்கிறீர்களா? சிபிலில் ஆட்சேபம் பதிந்தால் 30 நாளில் தீர்க்க வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. நடைமுறையில் எத்தனை நாள் ஆனது? ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போனவர்கள் இருந்தால், கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.