முதல்முறை அப்ரைசல் (வருடாந்திர வேலை மதிப்பீடு) எடுக்கப் போகிறேன், எப்படித் தயாராவது?

குன்னூர்_குளிர்:
குன்னூர் பக்கம் ஒரு சிடிசி (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் முறை) தேயிலை ஃபேக்டரியில் மேனேஜராக இருக்கிறேன். மார்ச் கடைசியில் ஷிப்ட் சூப்பர்வைசர்களுக்கு அப்ரைசல். ஒருவர் என்னைவிட மூத்தவர், வேலை அத்துப்படி, ஆனால் டிரையர் வெப்பநிலையை லாக் புக்கில் எழுதவே மாட்டார். இதை எப்படிச் சொல்வது?

கோத்தகிரி_பழசு:
முதலில் வருடம் முழுவதற்குமான லாக் புக்கை எடுத்து உட்காருங்கள். ஜனவரி, பிப்ரவரியில் உறைபனியும் வறட்சியும் சேர்ந்து இலை வரத்து குறைந்துவிடும், மார்ச்சில் யோசித்தால் அந்த மந்தமான மாதங்கள்தான் ஞாபகத்தில் நிற்கும், இலை குவிந்து கிடந்த நாட்களில் மனுஷன் எப்படிச் சமாளித்தார் என்பது மறந்தே போயிருக்கும். குன்னூர் தேயிலை ஏலத்தில் விலை இறங்கியதையும் அவர் தலையில் கட்டாதீர்கள். இலையை வாட வைத்தது சரியில்லை, டிரையரில் கருகியது என்றால் சரி, அது அவர் கணக்கு.

ஊட்டி_எச்ஆர்:
"உங்களுக்குப் பொறுப்பில்லை" என்று ஆரம்பித்தால் முடிந்தது கதை. "அண்ணா, இந்தந்தத் தேதியில் வெப்பநிலை எழுதவில்லை, என்ன காரணம்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், அதுதான் கஷ்டம். சம்பளப் பேச்சை இன்னொரு நாள் வையுங்கள், இல்லாவிட்டால் எவ்வளவு ஏறும் என்பதிலேயே அவர் காது இருக்கும்.

குன்னூர்_குளிர்:
சுயமதிப்பீட்டுப் படிவம் முன்னாடியே கொடுக்கலாமா?

கோத்தகிரி_பழசு:
ஒரு வாரம் முன்பே கொடுங்கள். ஆனால் லாக் புக்கே எழுதாதவர் படிவமா எழுதப் போகிறார்? டீ வாங்கிக் கொடுத்து வாயால் சொல்லச் சொல்லி நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.