கரகரத்த குரல், குறைப்பட்ட விரல்: ராக் இசை கேட்டவர்களின் அனுபவப் பகிர்வு

ஒற்றைச்செவி:

என் பழைய இயர்போனின் ஒரு பக்கம் செத்துப்போன நாளில்தான் ஜான் லெனனின் குரலை முதன்முதலாகக் கேட்டேன் என்று சொன்னால், அதற்கு முன் பத்து ஆண்டுகளாக பீட்டில்ஸில் என்ன கேட்டுக்கொண்டிருந்தாய் என்று நீங்கள் கேட்கலாம். பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன், குரலைக் கேட்கவில்லை என்பதுதான் என் பதில். அவர்களுடைய முதல் ஆல்பம் இரண்டே தடங்களில் பதிவானது. மோனோவில், அதாவது எல்லா ஒலியும் ஒரே தடமாகக் கலக்கும்போது, அளவைச் சரிசெய்ய வசதியாக இருக்கட்டும் என்று, வாத்தியங்களை ஒரு தடத்திலும் குரல்களை மற்றொன்றிலும் வைத்தார்கள். ஸ்டீரியோ பதிப்பிலும் அந்தப் பிரிவினை ஏறக்குறைய அப்படியே வந்துவிட்டதால், ஒரு காதில் கிட்டாரும் டிரம்ஸும், மறு காதில் குரல்களும் ஒலிக்கின்றன. எனக்கு உயிரோடிருந்தது குரல் வந்த பக்கம்.

‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’ வந்தபோது நான் நடந்துகொண்டிருந்தேன்; நின்றுவிட்டேன். தாளம் எங்கோ பக்கத்து அறையில் நடப்பதுபோல மங்கலாகக் கசிய, என் காதுக்குள் ஒரு மனிதர் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தார். சில சொற்களின் தொடக்கத்தில் சுரமே இல்லை, வெறும் உரசல்தான் இருந்தது. இதைத்தான் இத்தனை நாளும் உற்சாகமான நடனப் பாட்டு என்று நினைத்திருந்தேனா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அதன் பிறகுதான் அந்த நாளைப் பற்றிப் படித்தேன். 1963 பிப்ரவரி 11 அன்று, லண்டனில் இ.எம்.ஐ. நிறுவனத்தின் ஸ்டுடியோவில், காலை முதல் இரவு வரை ஒரே நாளில் அந்த ஆல்பத்தின் 14 பாடல்களில் 10 பாடல்களைப் பதிவுசெய்தார்கள். லெனனுக்கு அன்று நல்ல ஜலதோஷம். இந்தப் பாட்டைப் பாடினால் தொண்டை போய்விடும் என்பது தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்குத் தெரிந்திருந்ததால், அதைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்தார். முதல் டேக்தான், அதாவது முதல் முறை பாடிப் பதிந்ததுதான், நாம் கேட்பது. இரண்டாவது டேக்குக்கு முயன்றார்கள். அதற்குள் குரல் இல்லாமல் போய்விட்டது.

ஒரு பாடகரின் இயலாமையோ ஒரு வாத்தியக்காரரின் உடற்குறையோ ஒலியில் தெரிந்து, அதுவே உங்களைப் பிடித்து நிறுத்திய அனுபவம் உண்டா? பட்டியல் வேண்டாம், கேட்ட கணத்தைச் சொல்லுங்கள்.

ஆறுகம்பி:

என் அனுபவம் சற்று வேடிக்கையானது, ஏனெனில் குறை முதலில் எனக்குத்தான் ஏற்பட்டது. கிட்டார் கற்கத் தொடங்கி மூன்றாம் ஆண்டில், உடைந்த கண்ணாடியைப் பொறுக்கப்போய் மோதிர விரலின் நுனியை வெட்டிக்கொண்டேன். கட்டுப் போட்ட விரலோடு சும்மா இருக்க முடியாமல், இரண்டு விரல்களால் என்ன வாசிக்க முடியும் என்று தேடியபோது, பிளாக் சபாத் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பம் கிடைத்தது. வேகமான தனி வாசிப்புகளை நெருங்கவே முடியவில்லை. ஆனால் அந்தக் கனமான, மெதுவான கிட்டார் துணுக்குகளில் பல, இரண்டு விரல்களுக்கே அளவெடுத்துத் தைத்தவைபோல என் கைக்குப் பொருந்தின. இது தற்செயல் இல்லை என்று எனக்குத் தெரிந்தது கட்டுப் பிரித்த பிறகுதான்.

அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி இடது கைக்காரர். அதனால் அவருக்குக் கம்பியை அழுத்தும் கை வலது கை. பர்மிங்ஹாமில் ஓர் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவர், 17 வயதில், அங்கே வேலை செய்த கடைசி நாளன்று, அந்தக் கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளையும் எந்திரத்தில் இழந்தார். மனமொடிந்து கிடந்தவருக்கு ஆலை மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். அது, தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் ஜாஸ் கிட்டாரின் போக்கையே மாற்றிய ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு. பிளாஸ்டிக் குப்பியை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்து, அதன்மேல் தோல் ஒட்டி, மெல்லிய கம்பிகளை மாட்டிக்கொண்டு ஐயோமி திரும்பி வந்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும், விரல் போனதால் கம்பியைத் தளர்த்தினார், தளர்த்தியதால் ஹெவி மெட்டல் பிறந்தது என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. 1970இல் வந்த முதல் ஆல்பம் வழக்கமான சுருதியில் இருக்கிறது. மூன்று அரைச்சுரங்கள் கீழே இறங்கியது 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில்தான். அந்த இருட்டும் கனமும் சுருதி இறங்குவதற்கு முன்பே முழுமையாக இருந்தன. விரல் அவருக்குச் சில வழிகளை மூடியது என்பது உண்மை. திறந்திருந்த வழிகளில் எதில் போவது என்று முடிவெடுத்தது விரல் அல்ல. என் விரலும்தான் வெட்டுப்பட்டது, என்னிடமிருந்து எந்த இசைவகையும் பிறக்கவில்லை.

கடைவாய்:

தொழிலால் நான் பல் மருத்துவர் என்பதால், குவீன் ரசிகர்கள் கூடுமிடமெல்லாம் என்னிடம் ஒரே கேள்விதான் வரும். அந்தக் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரிக்கு மேல் தாடையில் கூடுதலாக நான்கு பற்கள் இருந்தன. அவற்றை எடுத்தால் குரல் மாறிவிடும் என்று அஞ்சி அவர் கடைசிவரை எடுக்கவில்லை. இது உண்மையா, அவர் அஞ்சியது சரிதானா என்று கேட்பார்கள். அஞ்சினார் என்பது உண்மை. சரியா என்றால், பல் வரிசை சொற்களின் உச்சரிப்பைத் தொடலாம், ஆனால் குரலின் வீச்சு குரல்நாண்களின் வேலை என்பதே என் பதில்.

2016இல் வெளியான ஓர் ஒலியியல் ஆய்வு அவருடைய நேர்காணல்களையும் பாடல்களையும் அளந்து பார்த்தது. பேசும்போது அவருடைய குரல் சராசரியாக 117 ஹெர்ட்ஸ் அளவில், பாரிடோன் என்று சொல்லத்தக்க ஆழத்தில் இருந்தது. ஆனால் அவர் பாடிப் புகழ்பெற்றதோ டெனார் உயரத்தில். பாடும்போது குரல் நடுங்கும் விப்ராட்டோவின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய ஏழு அதிர்வுகள். பயிற்சி பெற்ற பாடகர்களிடம் பொதுவாகக் காணப்படுவதைவிட அது விரைவு. இந்த எண்களைப் படித்த அன்று மாலை, அவருடைய நேர்காணல் ஒன்றையும் அதே காலத்துப் பாடல் ஒன்றையும் அடுத்தடுத்துக் கேட்டேன். பல்லை மறைக்க உதட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசும் கூச்ச சுபாவக்காரர், அடுத்த நிமிடத்தில் கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போகிறார். பேச்சுக்கும் பாட்டுக்கும் இடையிலிருந்த அந்தத் தூரம்தான் என்னை நிறுத்தியது. பற்களை நான் கவனிக்கக்கூட இல்லை, தொழிலுக்குத் துரோகம் செய்தவனானேன்.

பழைய ஒலிநாடா:

ஒற்றைச்செவி அவர்களே, தங்கள் கேள்வியோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. கதை தெரிந்த பிறகு நாம் கேட்பது பாட்டையா, கதையையா?

நிர்வாணா என்ற ராக் குழு 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில், அடக்கமான ஓசையில் வாசிக்கும் எம்.டி.வி.யின் அன்பிளக்டு நிகழ்ச்சிக்காக வாசித்ததை, டிசம்பரில் அது ஒளிபரப்பானபோதே ஒரு நண்பர் வீடியோவில் பதிந்து வைத்திருந்தார். அதை நான் அந்த மாதமே பார்த்தேன். அன்று நான் கண்டது, சத்தத்துக்குப் பெயர்போன ஒரு குழு சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டு தவித்த ஓர் இரவு. அவர்களின் பாடகர் கர்ட் கோபேன் பதற்றமாக இருந்தார், பாடல்களுக்கு நடுவே கிண்டலடித்தார், அடுத்து என்ன வாசிப்பது என்று தோழர்களோடு பேசிக்கொண்டார். பாடிய 14 பாடல்களில் ஆறு மற்றவர்களுடையவை. தங்கள் பெருவெற்றிப் பாடல்களில் பலவற்றை ஒதுக்கிவிட்டுத் தங்களுக்குப் பிடித்தவற்றைப் பாடிய அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் பல இடங்களில் சிரித்தேன் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஐந்து மாதங்களுக்குள் அவர் இறந்துவிட்டார். 1994 நவம்பரில் அது ஆல்பமாக வந்தபோது, கேட்ட ஒவ்வொருவரும் அதை ஒரு நீத்தார் சடங்காகவே கேட்டார்கள். மேடையில் லில்லி மலர்களும் மெழுகுவர்த்திகளும் வேண்டும் என்று அவரே கேட்டிருந்தார் என்பது பரவியதும், எல்லாமே முன்னறிவிப்பாகிவிட்டது. இப்போது நானும் அப்படித்தான் கேட்கிறேன். எங்கே சிரித்தேன் என்பது நினைவிருக்கிறது, ஆனால் அங்கே சிரிப்பு வருவதில்லை. 1993 டிசம்பரில் பார்த்த அந்த நிகழ்ச்சி என்னிடமிருந்து பறிபோய்விட்டது.

ஆனாலும் ஓர் இடத்தைத் தங்கள் கேள்விக்கு விட்டுக்கொடுக்கிறேன். நாட்டுப்புறப் பாடகர் லெட் பெல்லியின் வழியாக அவர்கள் எடுத்துக்கொண்ட அந்தப் பழைய நாட்டுப் பாடலின் இறுதியில், குரல் ஓர் எட்டுச்சுரம் மேலேறிக் கிழிந்துபோகிறது. முடிவுச் சொற்களுக்கு முன் ஒரு கணம் நின்று, கண்ணைத் திறந்து, மூச்சை இழுக்கிறார். மரணச் செய்தி எதுவும் தெரியாமல் முதல் முறை பார்த்தபோதே அந்த மூச்சு என்னை உலுக்கியது. கதையின் துணையில்லாமல் நின்ற இடம் அது ஒன்றுதான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

இடக்கால்:

பழைய ஒலிநாடா அவர்களின் கேள்விக்கு நேரெதிர்த் திசையிலிருந்து ஒரு பதில் சொல்கிறேன். நான் டிரம்ஸ் வாசிப்பவன், சிறுவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். டெஃப் லெப்பர்டு என்ற ராக் குழுவின் 1987ஆம் ஆண்டு ஆல்பமான ‘ஹிஸ்டீரியா’வைப் பல ஆண்டுகள், அந்த டிரம்ஸ்காரரைப் பற்றி ஒன்றும் தெரியாமலே கேட்டிருக்கிறேன். சற்று எந்திரத்தனமான, அலங்காரம் குறைந்த, ஆனால் இரும்புபோல் நிற்கும் தாளம் என்பதே என் கருத்தாக இருந்தது. என் மாணவன் ஒருவன் காணொளியைக் காட்டி, “ஐயா, இவருக்கு ஒரு கைதான் இருக்கிறது” என்று சொன்னபோதுதான் ரிக் ஆலனை முதன்முதலாகப் பார்த்தேன்.

1984ஆம் ஆண்டின் கடைசி நாளில் நேர்ந்த கார் விபத்தில் அவர் இடது கையை இழந்தார். குழு வேறு ஆளைத் தேடவில்லை. இடது கை அடித்தவற்றை இடது காலால் மிதித்து ஒலிக்கச் செய்யும்படி மின்னணு மிதிகளோடு ஒரு டிரம்ஸ் தொகுதியை உருவாக்கிக்கொண்டு, 1986 ஆகஸ்டில் டானிங்டன் திறந்தவெளி விழாவில் அவர் பெருங்கூட்டத்தின் முன் வந்து வாசித்தார். படிக்கும்போது இது எளிதாகத் தெரியும். ஒரு வாரம் இடது கையைப் பெல்ட்டில் கட்டிக்கொண்டு முயன்று பார்த்தேன். ஹை-ஹாட் தட்டைத் திறந்து மூடுவதற்கென்று பல ஆண்டுகளாகப் பழகிய கால், ஸ்னேர் அடி விழவேண்டிய இடத்துக்கு ஒவ்வொரு முறையும் ஓர் இழை தாமதமாகவே வந்து சேர்ந்தது. வலியெடுத்தது தொடையில் அல்ல, மூளையில்.

என்னை நிறுத்தியது குறை ஒலியில் தெரிந்ததால் அல்ல, இத்தனை காலமும் தெரியாமலே போனதால். அந்த மாணவன் இப்போது தன் இடது காலை மிகவும் மரியாதையாக நடத்துகிறான்.

கடைசிவரிசை:

எல்லோரும் உடைந்த குரலைப் புகழ்வதால் ஒரு கசப்பான அனுபவத்தையும் சொல்லவேண்டியிருக்கிறது. பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு புகழ்பெற்ற குழுவின் நிகழ்ச்சிக்கு, வெகு நாள் காத்திருந்து போனேன். மூன்றாவது பாட்டிலேயே பாடகரின் குரல் போய்விட்டது. உயரமான வரிகள் வரும்போதெல்லாம் ஒலிவாங்கியை எங்கள் பக்கம் நீட்டினார். சுற்றியிருந்தவர்கள் மகிழ்ச்சியோடு பாடினார்கள். எனக்கோ எரிச்சலாக இருந்தது. அதை இன்றும் மறைக்க விரும்பவில்லை. ஸ்டுடியோவில் நாளின் கடைசிப் பாட்டில் கிழிவதும், பயணத்தின் நாற்பதாவது இரவில் தேய்ந்துபோவதும் ஒன்றல்ல. முன்னது ஒரு முறை நடந்து பதிவாகிறது, பின்னது மறுநாளும் மேடையேறவேண்டிய ஒரு தொழிலாளியின் களைப்பு. ஏசி/டிசி குழுவின் பாடகர் பிரையன் ஜான்சனை, செவித்திறன் முழுவதும் போய்விடும் என்று மருத்துவர்கள் 2016இல் எச்சரித்தபோது, அவர் பயணத்தின் நடுவிலேயே விலகிக்கொண்டார். பிறகு 2020 ஆல்பத்தில் அவர் குரல் திரும்பி வந்தது. நான் பார்த்த பாடகருக்கும் அன்று யாராவது நிறுத்தச் சொல்லியிருக்கலாம்.

ஒற்றைச்செவி:

கடைசிவரிசை சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. பழைய ஒலிநாடா தொடுத்த சண்டைக்கு மட்டும் பதில் சொல்லவேண்டும். என் விஷயத்தில் முதலில் வந்தது குரல், கதை பிறகுதான் வந்தது. ஆயினும் இப்போது நான் கேட்பது 1963 பிப்ரவரி 11 இரவையே என்பதும், அந்த ஜலதோஷத்தை மறந்துவிட்டு அந்தப் பாட்டை இனி என்னால் கேட்க முடியாது என்பதும் உண்மைதான்.

புது இயர்போன் வாங்கிவிட்டேன். இரண்டு பக்கமும் ஒலிக்கும்போது பாட்டு மறுபடியும் நடனப் பாட்டாகிவிடுகிறது, குரல் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. ஆகவே சில இரவுகளில் வாத்தியம் வரும் பக்கத்தை வேண்டுமென்றே கழற்றிவிட்டுக் கேட்கிறேன். முடிவில் எல்லாம் அடங்கும்போது, குழுவில் ஒருவர் மெல்ல “ஹே” என்று சொல்வது கேட்கும். பால் மெக்கார்ட்னி என்கிறார்கள். அடுத்த முறை கேட்கும்போது கடைசி நொடிக்கு முன் நிறுத்திவிடாதீர்கள்.