தீர்த்தமலை வேண்டுதல்: தொடை எலும்பு முறிந்தவரை மேலே கொண்டுபோக வழி உண்டா?

அப்பாவுக்கு 61 வயது, ஊர் பாலக்கோடு. தொப்பூர் கணவாயில் பைக் விபத்து நடந்து 16 வாரம் ஆகிறது. வலது தொடை எலும்புக்குள் ராடு, அதே காலில் முட்டிக்குக் கீழே பிளேட். எழுந்து நடந்தால், அரூர் பக்கம் படியேறிப் போகும் மலைக்கோயிலான தீர்த்தமலைக்குக் கூட்டிப்போய் ராமர் தீர்த்தத்தில் குளிக்க வைப்பதாக அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறார். அந்த நம்பிக்கைதான் இத்தனை நாளும் வீட்டைத் தாங்கியது.

வாக்கர் பிடித்து, பாதி எடை மட்டும் ஊன்றி நடக்கிறார். முட்டி 75 டிகிரி மடங்குகிறது. சமதளத்துக்குப் போதும், படி ஏற சுமார் 90 டிகிரி வேண்டும், இறங்க இன்னும் கூடுதல். படுத்தபடி குதிகாலை இழுத்து மடக்குவது, முன்தொடையை இறுக்கிப் பிடிப்பது தினம் 3 வேளை, பிறகு ஐஸ். 6 வாரத்தில் கூடியது 10 டிகிரிதான்.

வீட்டில் 4 படி பார்த்தோம். நல்ல கால் முதலில் ஏற, அடிபட்ட கால் முதலில் இறங்க என்று முறையாகத்தான் செய்தோம், மாலைக்குள் முட்டி வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் தொடை எலும்பு இன்னும் கூடவில்லை. முழு எடை ஊன்ற டாக்டர் அனுமதிக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கலாம் என்கிறார் மாமா. படியில் ஒருவர் கால் தவறினாலும் அப்பா விழுவார், அதனால் வேண்டாம் என்றுவிட்டோம்.

தீர்த்தமலையில் காலை நீட்டி உட்காரவைத்துத் தூக்கிப்போகும் டோலி ஆட்கள் கிடைப்பார்களா?