முதல் தடவை பனிச்சறுக்கு: குடும்பத்தோடு கையைக் கடிக்காமல் போய்வர முடியுமா?

சத்துவாச்சாரி வாசி:

வணக்கம். நாங்கள் வேலூர் சத்துவாச்சாரி. நான், வீட்டுக்காரர், எட்டாவது படிக்கும் பையன், நாலாவது படிக்கும் பெண், கூடவே மாமியார். குளிர்கால ஒலிம்பிக்ஸ் பார்த்ததிலிருந்து பசங்க இரண்டு பேரும் பனிச்சறுக்கு கற்றே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் எங்களுக்குத் தெரிந்த குளிர் ஏலகிரியின் மார்கழிக் குளிர்தான், பனியை யாரும் தொட்டதுகூட இல்லை.

டிராவல்ஸில் கேட்டால் சிம்லா, மணாலி சேர்த்து ஒரு பேக்கேஜ் சொல்லி, அதில் சோலாங்கில் ஸ்கீயிங்கும் உண்டு என்கிறார். துருவிக் கேட்டால் அது அரைமணி நேரம், போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். பசங்க விழுந்து எழுந்து தாங்களாகவே சறுக்கி நிற்கும் அளவுக்காவது வர வேண்டும், செலவும் கைக்கு எட்ட வேண்டும். எங்கே போவது? அரையாண்டு லீவா, பொங்கலா? குளிர் உடுப்பெல்லாம் விலைக்கு வாங்க வேண்டுமா? முழங்கால் வலி உள்ள மாமியாரை அழைத்துப் போகலாமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்மவான்பேட்டை பட்டாளத்தார்:

நல்ல கேள்வி கேட்டீங்க அம்மா. நான் ராணுவத்தில் இருந்தவன், காஷ்மீரில் குல்மர்க் பக்கம் பணி செய்திருக்கிறேன். ராணுவத்தின் உயரமலைப் போர்ப் பள்ளி அங்கேதான் இருக்கிறது, 1948-ல் பனிச்சறுக்குப் பள்ளியாகத் தொடங்கியது. உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வதும் குல்மர்க்தான். ஊர் சுற்றுவதையும் பனிச்சறுக்கையும் ஒரே பயணத்தில் போட்டுக் குழப்பாமல், ஒரே இடத்தில் நாலைந்து இரவு தங்குங்கள். நாளைக்கு ஒரு ஊர் என்று ஓடினால் வண்டிக்கும் அறைக்கும் பணம் போகுமே தவிர, பசங்களுக்கு ஒன்றும் வராது.

குல்மர்க் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் புல்வெளி, பனிக்காலத்தில் முழுக்க வெள்ளை. அதன் அடிவாரத்திலேயே மெதுவான சரிவுகள் இருக்கின்றன. புதிதாகக் கற்பவர்களுக்கு அதுவே ஏராளம், இழுத்து மேலே கொண்டுபோகும் சின்ன லிஃப்டும் உண்டு. பிரபலமான கோண்டோலா, அதாவது கம்பிவடத்தில் தொங்கிப் போகும் பெட்டி, இரண்டு கட்டமாகப் போகிறது, முதல் கட்டம் கோங்டூரி வரை, இரண்டாவது அபர்வத் மலையில் 3,950 மீட்டர் பக்கம். அந்த மேல்மலை தேர்ந்தவர்களுக்கானது. பனிச்சரிவு ஆபத்து உள்ள இடம், மூச்சும் வாங்கும். யார் எவ்வளவு ஆசை காட்டினாலும் முதல் பயணத்தில் ஸ்கீயோடு (காலில் மாட்டும் சறுக்குப் பலகை) அங்கே போக வேண்டாம்.

நேரம் முக்கியம். டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரை அங்கே சில்லை கலான் என்பார்கள், பனி அப்போதுதான் கெட்டிப்பட்டு நிற்க ஆரம்பிக்கும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2024 ஜனவரியில் குல்மர்க் வெறும் மண்ணாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டு, பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. அதனால் அரையாண்டு லீவை நம்பி டிக்கெட் போடாதீர்கள். பொங்கல் ஓரளவு சரி. என்னைக் கேட்டால் பள்ளியில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு பிப்ரவரியில் போவேன், எட்டாவதும் நாலாவதும்தானே, பொதுத்தேர்வு இல்லை.

காட்பாடி கார்த்தி:

அண்ணா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன், நாங்களும் குடும்பமாகப் போனது குல்மர்க்தான். செலவுக் கணக்கைப் பற்றி நான் சொல்கிறேன் அக்கா.

பெரிய செலவு ஸ்கீயிங் இல்லை, போக்குவரத்தும் அறையும்தான். ஐந்து பேருக்கு சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஸ்ரீநகருக்கு விமானம் என்றால் முன்கூட்டியே போட்டால்தான் கட்டுப்படியாகும். ரயில் வேண்டுமென்றால் காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினால் புதுடெல்லி, அங்கிருந்து ஸ்ரீநகருக்கு மட்டும் விமானம் பிடிக்கலாம். வாரம் ஒருமுறை போகும் ஹிம்சாகர் நம்ம காட்பாடி வழியாகவே காட்ரா வரைக்கும் போகிறது, 2025 ஜூனிலிருந்து காட்ரா, ஸ்ரீநகர் இடையே வந்தே பாரத்தும் ஓடுகிறது. அந்த வழியில் வரும் செனாப் பாலத்தைப் பசங்க பார்த்தால் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள். ஆனால் அத்தனை நாள் ரயிலில் உட்கார மாமியார் ஒத்துக்கொள்வாரா என்று முதலில் கேளுங்கள். எந்த வழியில் போனாலும் திரும்பும்போது ஒரு நாள் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள், பனி கொட்டினால் ஸ்ரீநகர் விமானம் ரத்தாகிறது.

குல்மர்க்கில் அறை வாடகை சீசனில் எகிறும். 13 கி.மீ. கீழே டங்மர்க்கில் தங்கினால் மிச்சமாகும், தினமும் ஜீப்பில் ஏறிப் போகலாம். ஆனால் கடும்பனி நாளில் சாலை மூடினால் அன்றைய பயிற்சி போச்சு. நான் பாதி இரவு மேலே, பாதி கீழே என்று பிரிப்பேன். முன்பதிவு செய்யும்போதே அறைச் சூடாக்கி வாடகையில் சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்குங்கள். நாங்கள் தங்கிய இடத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து ஹீட்டருக்குத் தனிக் காசு என்றார்கள், குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் என்ன பேரம் பேச முடியும்?

பயிற்சியாளரை மணிக்கணக்கில் பேசாமல் நாள் கணக்கில், ஸ்கீ, பூட், ஹெல்மெட் எல்லாம் சேர்த்துப் பேசுங்கள். பதிவு அட்டையைக் கேட்டுப் பாருங்கள், நல்ல பயிற்சியாளர் தயங்காமல் காட்டுவார். பசங்க இரண்டு பேருக்கு ஒருவர், உங்கள் இருவருக்கு ஒருவர் போதும். மிச்சம் பிடிக்க நினைத்தால் கோண்டோலாவில் பிடியுங்கள், பயிற்சியாளரில் பிடிக்காதீர்கள்.

துணி: ஆம்பூரில் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று லெதர் ஜாக்கெட் எடுத்துப் போகாதீர்கள், பனியில் விழுந்து எழுந்தால் ஊறி கனத்துவிடும். ஜீன்ஸும் கூடாது. உள்ளே திருப்பூர் தெர்மல் உள்ளாடை, நடுவில் ஒரு ஃப்ளீஸ் (மெத்தென்ற கதகதப்பான மேல்சட்டை), வெளியே நீர்புகா பேண்ட் ஜாக்கெட். வெளி உடுப்பு அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். கையுறையும் பனிக்கான கண்ணாடியும் மட்டும் சொந்தமாக வாங்குங்கள், நனைந்த கையுறையைப் போட்டால் சின்னது ஐந்து நிமிடத்தில் அழ ஆரம்பித்துவிடும்.

பூட்டில் அவசரப்படாதீர்கள். ஒரே ஒரு சாக்ஸ், அதுவும் கம்பளி, இரண்டு போட்டால் ரத்தம் ஓடாமல் கால் விறைக்கும். கொக்கி மாட்டி நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும், முட்டியை மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும், குதிகால் தூக்கவே கூடாது. தூக்கினால் பூட் பெரிசு. கடைக்காரர் பரவாயில்லை என்று சொன்னாலும் மாற்றி வாங்குங்கள், ஏனென்றால் குதிகால் ஆடினால் ஸ்கீ உங்கள் பேச்சைக் கேட்காது, முதல் நாளே வெறுத்துவிடும். இதை நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

குடியாத்தம் மலைவாசி:

குல்மர்க் மட்டும்தானா? உத்தராகண்டில் ஔலி இருக்கிறதே. அங்கே ஜி.எம்.வி.என். என்ற அரசு நிறுவனம் 7 நாள், 14 நாள் பயிற்சி வகுப்பே நடத்துகிறது. கருவி, தங்குமிடம், சாப்பாடு சேர்ந்த வகுப்பு கிடைத்தால் நான்கு பேர் குடும்பத்துக்குக் கணக்கு எளிது. குல்மர்க்கிலும் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு நிலையம் இருக்கிறது, மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரிலுள்ள மலையேற்ற நிலையமும் சோலாங்கில் வகுப்பு எடுக்கிறது. சோலாங் என்றாலே போட்டோ என்று ஒதுக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் வயது வரம்பு கேட்டுக்கொள்ளுங்கள், நாலாவது படிக்கும் பெண்ணைச் சேர்ப்பார்களா என்பதுதான் விஷயம்.

கார்த்தி:

வகுப்பு நல்ல யோசனை அண்ணா, பையனுக்குப் பொருந்தும். ஆனால் ஔலியில் இரண்டு சிக்கல். 2023 ஜனவரியில் ஔலிக்குக் கீழே உள்ள ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்தபோது அங்கிருந்து ஔலிக்குப் போகும் ரோப்வேயை நிறுத்தினார்கள், அதனால் சாலையை நம்பித்தான் திட்டம் போட வேண்டும், ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட்டே ஒரு முழுப் பகல் மலைப்பாதை. அப்புறம் பனி குல்மர்க் அளவுக்கு உறுதி இல்லை. முதல் பயணத்திலேயே பனி இல்லாமல் திரும்பினால் பசங்க மனசு விட்டுவிடும், அதனால்தான் குல்மர்க்கைச் சொல்கிறேன்.

வாணியம்பாடி வாசகன்:

உங்கள் சொந்தக்காரர் யாராவது துபாயில் இருந்தால் இன்னொரு வழி. மால் ஆஃப் தி எமிரேட்ஸ் உள்ளே ஸ்கீ துபாய் 2005-லிருந்து நடக்கிறது, நீளமான சரிவு 400 மீட்டர், வருஷம் முழுக்க பனி. எங்கள் பக்கத்து வீடுகளில் அண்ணன் தம்பியைப் பார்க்கப் போகிறவர்கள் அப்படியே இதையும் பார்த்துவிடுகிறார்கள். திரும்பவும் நிற்கவும் தெரியாதவர்களைப் பெரிய சரிவில் விடமாட்டார்கள், முதலில் பாடம். தங்க வீடு இருந்தால் மட்டும் யோசியுங்கள், இல்லையென்றால் கட்டாது.

சத்துவாச்சாரி வாசி:

எல்லோருக்கும் நன்றி. துபாயில் யாரும் இல்லை, பிப்ரவரியில் குல்மர்க் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மாமியாரும் வருகிறேன் என்கிறார். இன்னும் ஐந்தாறு மாதம் இருக்கிறது, அதற்குள் இங்கேயே ஏதாவது பழகலாமா?

கம்மவான்பேட்டை பட்டாளத்தார்:

தாராளமாக. சோளிங்கர் நரசிம்மர் மலைக்கு ஞாயிற்றுக்கிழமை போங்கள். 1,305 படி. இப்போது ரோப் கார் வந்துவிட்டது, மாமியார் அதில் வரட்டும், நீங்கள் நால்வரும் படியில் ஏறி படியிலேயே இறங்குங்கள். முக்கியம் இறங்குவதுதான். பனிச்சறுக்கில் முட்டியை மடக்கி உடம்பைத் தாங்கிக்கொண்டே போக வேண்டும், தொடை அதற்குப் பழகியிருந்தால் மத்தியானத்துக்கு மேலும் கால் நடுங்காது. சோர்ந்த காலோடு சறுக்கும்போதுதான் முட்டி திருகிக்கொள்ளும்.

பசங்களிடம் ஒரு விஷயம் இப்போதே சொல்லி வையுங்கள். முதல் நாள் முழுக்க சறுக்கும்போது வேகத்தைக் குறைத்து நிறுத்துவதற்குத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். ஸ்கீயின் முன்நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை விரித்து, உள்விளிம்பால் பனியை அழுத்தினால் வேகம் குறைந்து நிற்கும். அது வராமல் மேலே ஏறக்கூடாது. விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் உட்கார்ந்தமாதிரி விழ வேண்டும், கையை ஊன்றக்கூடாது.

மாமியாருக்கு முழங்கால் மட்டும்தான் என்றால் கோண்டோலா முதல் கட்டம் வரை அழைத்துப் போகலாம். இரத்த அழுத்தம், இருதயம் ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். போய் இறங்கிய நாள் யாரும் சறுக்கக் கிளம்பாமல், வெந்நீர் குடித்து ஓய்வெடுங்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துப் போங்கள், சோறு எங்கேயும் கிடைக்கும்.

இன்னொன்று, வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் எடுக்காது. பிரிந்து நின்றால் பேச வேண்டுமே, உங்கள் இருவர் போனையும் கிளம்பும் முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாற்றிவிடுங்கள்.