ஹர்மிலன் பைன்ஸை ஓடுதளத்தில் பார்த்த அனுபவங்கள்

வேலியோரம்:

தெலங்கானாவின் ஹனம்கொண்டா ஜவாஹர்லால் நேரு மைதானத்தில் 2021 செப்டம்பரில் நடந்த தேசிய ஓப்பன் தடகளப் போட்டியின் பெண்கள் 1500 மீட்டரைப் பற்றி யாரிடமாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று இத்தனை ஆண்டுகளாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. ஹர்மிலன் பஞ்சாபின் நடுத்தூர ஓட்டக்காரர் என்பதும், அந்த ஆண்டு மார்ச்சில் பாட்டியாலாவில் அவர் இதே தூரத்தை 4:08.70இல் (4 நிமிடம் 8.70 வினாடி) ஓடியிருந்தார் என்பதும் இங்குள்ளவர்களுக்குத் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தபோது அவருக்கு அருகில் ஒருவரும் இல்லை. துரத்துபவரும் துரத்தப்படுபவரும் இல்லாத ஓட்டத்தில் கால்கள் தாமாகவே தளரும் என்பதை ஓடியவர்கள் அறிவார்கள். அவருடைய கால்கள் தளரவில்லை. என் பக்கத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவர், அந்தக் காலத்து ஓட்டக்காரர், கையில் சொந்தமாக ஒரு ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தார். ஹர்மிலன் கோட்டைக் கடந்ததும் பொத்தானை அழுத்திவிட்டு, எண்ணைப் பார்த்து, என் பக்கம் திருப்பிக் காட்டி, "பூசான் போய்விட்டது" என்று இந்தியில் சொன்னார். அதிகாரபூர்வ நேரம் 4:05.39 என்று பிறகு அறிவித்தார்கள். 2002 பூசான் ஆசிய விளையாட்டில் சுனிதா ராணி ஓடிய 4:06.03, 19 ஆண்டுகளாக யாரும் தொடாத தேசியச் சாதனையாக இருந்தது.

அதே பூசானில்தான் ஹர்மிலனின் அம்மா மாதுரி சிங் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். மகள் அழித்தது அம்மாவோடு ஒரே அணியில் சென்ற தோழியின் சாதனை. அப்பா அமன்தீப் பைன்ஸும் 1500 மீட்டர் ஓட்டக்காரர். "அந்தக் குடும்பத்துக்கு ரத்தத்திலேயே ஓட்டம் இருக்கிறது" என்றார் அந்தப் பெரியவர். எனக்கும் அன்று அப்படித்தான் தோன்றியது. ஹர்மிலனை வேறு போட்டிகளில் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

கண்டிச்சாரல்:

நான் பார்த்தது நேரில் இல்லை, தொலைக்காட்சியில். 2023 ஒக்டோபர் 4, சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டு, பெண்கள் 800 மீட்டர் இறுதி. கண்டியில் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் நாங்கள் எல்லோரும் தருஷி கருணாரத்னவுக்காக உட்கார்ந்திருந்தோம். கண்டி மாவட்டத்திலேயே உள்ள வலல பாடசாலையில் பயின்ற பிள்ளை, பதினெட்டு வயது. அவர் வென்றால் இலங்கைக்கு ஆசிய விளையாட்டுத் தடகளத்தில் 21 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தங்கம் கிடைக்கும். இறுதி நேர்கோட்டில் தருஷி முன்னுக்கு வந்ததும் வீடே எழும்பி நின்றது.

அந்த நேரத்தில் என் கண் வேறிடத்தில் இருந்தது. இந்திய உடையில் ஹர்மிலன் சீன வீராங்கனை வாங் சுன்யூவை நெருங்கிக்கொண்டிருந்தார். வாங் டோக்கியோ ஒலிம்பிக் 800 இறுதியில் ஐந்தாவதாக வந்தவர், ஓடுவதோ சொந்த மண்ணில், சொந்த ரசிகர்கள் முன்னால். தருஷி 2:03.20, ஹர்மிலன் 2:03.75, வாங் 2:03.90. அந்தக் கடைசி 15 நூறாம் பங்கு வினாடிக்காக ஹர்மிலன் முன்னே சாய்ந்த தோற்றம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மூன்று நாள் முன்னர்தான் அவர் 1500இல் பஹ்ரைனின் வின்ஃப்ரெட் யாவிக்கு அடுத்து 4:12.74இல் வெள்ளி வென்றிருந்தார். 2022இல் முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் ஒரே போட்டியில் இரண்டு வெள்ளி வென்றார் என்பதை எங்கள் தங்கக் கொண்டாட்டத்துக்கு நடுவே நான் சொன்னபோது, கேட்பதற்கு அங்கே ஒருவரும் இருக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அம்மா 2002இல் 2:04.95 ஓடி வெள்ளி. மகள் 2023இல் 2:03.75 ஓடி வெள்ளி. அதே தூரம், அதே நிறப் பதக்கம், இடையில் 21 ஆண்டுகள்.

எட்டாவது லேன்:

வேலியோரம் அவர்களே, உங்கள் பதிவின் கடைசிப் பகுதியில் வந்த "ரத்தத்திலேயே ஓட்டம்" என்ற சொற்களை நான் ஏற்கவில்லை, அதற்குக் காரணம் என் சொந்த வாழ்க்கையில் இருக்கிறது.

நான் கல்லூரியில் 800 ஓடியவள். பல்கலைக்கழகப் போட்டியின் இறுதிக்கு முதன்முறையாக அப்பா வந்திருந்தார். ஓட்டத்தை முடித்ததும் ஓடுதளத்தின் உள்பக்கப் புல்லில் மண்டியிட்டு வாந்தி எடுத்தேன். 800ஐ முழு மூச்சில் ஓடியவர்களுக்கு இது நடக்கும். உடலில் அமிலம் ஏறிவிடும், கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். என் தோழிகள் யாரும் பதறவில்லை. ஆனால் என் அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். மகள் சாகப் போகிறாள் என்று நினைத்த முகம் அது. வேலியைத் தாண்டி ஓடி வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார். அன்று இரவு வீட்டில் கோபமோ சண்டையோ இல்லை, "போதும்மா" என்று மட்டும் சொன்னார். அவரிடம் எப்படி விளக்குவது என்று எனக்கும் தெரியவில்லை, என்னைவிட அன்பானவரோடு எப்படி வாதாடுவது? அதோடு என் ஓட்டம் முடிந்தது.

ஹர்மிலன் ஓடி முடித்து விழுந்தால், அவர் வீட்டில் அதைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். அவர் அம்மாவும் அதே தூரத்தை ஓடி, அதே புல்லில் விழுந்து எழுந்தவர். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மாதக்கணக்கில் மெதுவோட்டம் மட்டுமே ஓட வேண்டும் என்றால், "இன்னும் ஏன் போட்டிக்குப் போகவில்லை" என்று கேட்பதற்கு அங்கே ஆள் கிடையாது. ஓட்டக்காரர் குடும்பம் பிள்ளைக்குக் கொடுப்பது இதைத்தான் என்று நான் நம்புகிறேன். ரத்தம் என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் இருந்த அறிவும் மறைந்துவிடும், அது இல்லாத வீடுகளிலிருந்து வந்தவர்களின் பாடும் மறைந்துவிடும். பாலக்காடு முண்டூரின் பி.யூ. சித்ராவுக்குப் பெற்றோர் கூலித் தொழிலாளர்கள். 2017இல் புவனேஸ்வரில் ஆசிய 1500 மீட்டர் தங்கம் வென்றும் லண்டன் உலகப் போட்டிக்கான அணியில் அவருக்கு இடம் தரப்படவில்லை. 2019இல் தோஹாவில் மறுபடியும் தங்கம் வென்றார். நம் புதுக்கோட்டை கத்தக்குறிச்சி ஓட்டக்காரர் சாந்தி சௌந்தரராஜன் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டுப் பெண். இவர்களுக்கு ரத்தத்தில் எது இருந்தது?

விசில்:

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். எட்டாவது லேன் எழுதியதைப் படித்ததும் எழுத வந்தேன்.

என் அனுபவம் சிறியது. 2002 பூசான் 800 மீட்டர் முடிவு வந்த மறுநாள், பள்ளிக் கரும்பலகையில் தங்கம் பீனாமோல் 2:04.17, வெள்ளி மாதுரி சிங் 2:04.95 என்று எழுதிவைத்தேன். அன்றைக்கு ஆண்கள் 800இல் பீனாமோலின் தம்பி பினுவும் வெள்ளி வென்றிருந்த செய்தியைக் கீழே சேர்த்தேன். மாதுரிக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்று சொன்னபோது, ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "பிள்ளை பெத்ததுக்கு அப்புறமும் ஓடலாமா சார்?" என்று கேட்டாள். கேலியாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அந்த வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இப்போது, ஓடும் பெண்பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதலில் ரத்தப் பரிசோதனை. ஓட்டத்தில் திடீரென்று பின்தங்கும் பெண்ணைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள், நான் பார்த்தவரையில் பாதிப் பேருக்குக் காரணம் அதுதான். முருங்கைக் கீரையும் கேழ்வரகும் நல்லவைதான், ஆனால் அளவு மிகக் குறைந்திருந்தால் மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டே ஆக வேண்டும், சாப்பாட்டோடு டீ குடிப்பதை நிறுத்த வேண்டும். மாதவிடாய் மாதக்கணக்கில் நின்றுபோனால் நல்லதாயிற்று என்று விட்டுவிடக் கூடாது. ஓட்டத்துக்குத் தக்க சாப்பாடு உடலுக்குப் போகவில்லை என்பதற்கு அது அடையாளம், எலும்பு முறிவு வரை கொண்டுபோய்விடும்.

அடுத்தது வேகம். 4:05.39 என்றால் 400 மீட்டருக்குச் சராசரி 65.4 வினாடி. மூன்றே முக்கால் சுற்றும் அதே கணக்கில் ஓடுவதுதான் கலை. நம் பிள்ளைகள் மாவட்டப் போட்டியில் முதல் 200ஐ நூறு மீட்டர் ஓட்டம்போல ஓடிவிட்டு மூன்றாவது சுற்றில் நடப்பதற்குக் காரணம், வேலியோரம் நிற்கும் நாம் எல்லோரும் "போ, போ" என்று கத்துவதுதான். கூட்டத்துக்குள் அடைபடும் பயத்தில் வெளிப்பக்கமாகவே ஓடும் பிள்ளைக்கு, இரண்டாம் தடத்தில் ஒரு முழுச் சுற்று ஓடினால் ஏறத்தாழ ஏழரை மீட்டர் கூடுதலாக ஓடுகிறாள் என்பதைத் தரையில் அளந்து காட்டுங்கள். வளைவில் பொறுத்து நேர்கோட்டில் வெளியே வரப் பழக்குங்கள். ஒரே நாளில் 800, 1500, தொடரோட்டம் என்று மூன்றுக்கும் பெயர் கொடுக்காதீர்கள். பள்ளிக்குக் கோப்பை வரும், பிள்ளையின் முழங்கால் போகும்.

வாந்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. போட்டிக்கு முதல்நாளே பெற்றோரை அழைத்து, ஓட்டம் முடிந்ததும் பிள்ளை விழலாம், வாந்தி எடுக்கலாம், கை கால் நடுங்கலாம், பயப்பட வேண்டாம் என்று சொல்வதை நான் பழக்கமாக வைத்திருந்தேன். அதே சமயம் மயங்கிப்போனாலோ, நெஞ்சு வலிக்கிறது என்றாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வேன். எட்டாவது லேன், உங்கள் அப்பாவிடம் இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

எட்டாவது லேன்:

ஐயா, நன்றி. அப்பா இப்போது இல்லை. உங்கள் பதிவை என் அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறேன், அவர் மகள் எட்டாம் வகுப்பில் 600 மீட்டர் ஓடுகிறாள்.

தீர்ப்பு வேண்டாம்:

எல்லோரும் ஹர்மிலனின் அம்மாவைப் பற்றி எழுதுகிறீர்கள், ஆனால் அவரைப் பற்றி அதிகம் பகிரப்பட்ட கதையை ஒருவரும் தொடவில்லை. ஹர்மிலன் வயிற்றில் இருந்தபோது, பஞ்சாப் மின்வாரிய வேலைக்கான 1500 மீட்டர் தகுதி ஓட்டத்தை மாதுரி ஓட வேண்டியிருந்தது. ஹாங்சோ முடிந்த வாரத்தில் அதை "கருவிலேயே தொடங்கிய ஓட்டம்" என்ற தலைப்புகளோடு எத்தனையோ பேர் எனக்கு அனுப்பினார்கள். என்னால் அதை மகிழ்ச்சியாகப் படிக்க முடியவில்லை.

சீருடைப் பணியாளர் தேர்வின் உடற்தகுதித் தேர்வுக்கு நான் போனபோது, 400 மீட்டர் ஓட்டத்துக்கான வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் திரும்பி, மூன்றாம் மாதம் என்று என் காதோடு சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் ஓட விடமாட்டார்கள், ஓடாவிட்டால் வேலை போய்விடும், அடுத்த முறைக்கு வயது தாண்டிவிடும் என்றாள். பிறகு துப்பட்டாவை அவிழ்த்து அடிவயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். அப்படிக் கட்டுவதால் எந்தப் பயனும் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும். என் எண்ணை அழைக்கும்வரை நான் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருவுற்ற பெண்கள் ஓடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பழகிய உடலுக்கு, மருத்துவர் சம்மதத்தோடு, இதமாக ஓடுவதில் தவறில்லை என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். மாதுரியின் உடல் வலிமையும் அவர் திறமையும் எவ்வளவு பெரியவை என்பதற்கு நான்கே ஆண்டுகளில் அவர் வென்ற ஆசிய வெள்ளி சாட்சி. ஆனால் வேலைக்காக, கடிகாரத்தை எதிர்த்து, தள்ளிப்போட வழியில்லாமல் ஓடுவது வேறு. அதை அழகான குடும்பக் கதையாக மட்டும் சொல்லும்போது, அப்படி ஓட வைத்த ஏற்பாட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. விசில் ஐயாவின் வகுப்பில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு மாதுரியின் பதக்கம் ஒரு நல்ல பதில். அந்த வேலைக்கான ஓட்டம் இன்னொரு கேள்வியை எழுப்புகிறது.

வேலியோரம்:

நான் ரத்தம் என்று எழுதியதன் பொருள், அந்தப் பெரியவர் சொன்னதன் பொருள், பெருமிதம் மட்டுமே. எட்டாவது லேன் சொன்ன விளக்கம் அதைவிட ஆழமானது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டு அறிவு இருந்தாலும் ஓடுதளத்தில் 65 வினாடிச் சுற்றுகளைத் தனியாக ஓட வேண்டியவர் அவர்தான் என்பதையும் விட்டுவிடக் கூடாது. இன்னொரு தகவல், 4:05.39 இப்போது தேசியச் சாதனையாக இல்லை. 2024 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் கே.எம். தீக்‌ஷா 4:04.78 ஓடிவிட்டார். 19 ஆண்டு அசையாத எண், மூன்று ஆண்டுக்குள் இரண்டு முறை மாறியிருக்கிறது. இதை நான் வருத்தமாகச் சொல்லவில்லை.

தீர்ப்பு வேண்டாம், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பெண் தேறினாரா?

தீர்ப்பு வேண்டாம்:

தேறினார். பயிற்சிப் பள்ளிக்குப் போகும் நேரம் வந்தபோது, மகப்பேறு முடிந்து அடுத்த அணியோடு சேர அனுமதி வேண்டும் என்று மனு கொடுத்தார், அனுமதி கிடைத்தது. அதே அவகாசத்தை ஓட்டத் தேர்வுக்கும் கொடுக்கலாம், வயது வரம்பு அதற்குக் குறுக்கே நிற்காதபடி விதியில் எழுதலாம் என்பதுதான் என் வாதம். பஞ்சாபானாலும் தமிழ்நாடானாலும், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓட வைத்து ஆள் எடுக்கும் எல்லா வாரியங்களுக்கும் இது பொருந்தும்.