சி10 பின் சஸ்பென்ஷன்: டிரெய்லிங் ஆர்மைப் பெட்டிக் குழாயில் செய்யலாமா?

உட்லண்ட்ஸ் செல்வா:
மாமாவின் 1971 ஷெவர்லே சி10 பிக்கப், ஜோகூர் செனாயில் ஷெட்டில் நிற்கிறது. பின் டிரெய்லிங் ஆர்ம் (பின் ஆக்ஸிலை வண்டிச் சட்டத்தோடு சேர்க்கும் நீளக் கை) இரண்டும் துருவேறி, ஆக்ஸில் உட்காரும் இடத்தில் தகடு பிரிந்துவிட்டது. நான் வேலை பார்க்கும் சிங்கப்பூர் சுங்கை காடுட் பட்டறையில் பெட்டிக் குழாய் (நாலு பக்கமும் மூடிய இரும்புக் குழாய்) சும்மா கிடக்கிறது, முதலாளியும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அதில் செய்தால் பழையதைவிட ஸ்ட்ராங்காக இருக்கும் அல்லவா? ஆர்மின் முன் முனையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் கடினமான பாலியூரித்தேன் புஷ் போடலாம் என்று இருக்கிறேன். வண்டி 4 அங்குலம் இறங்கவும் வேண்டுமாம் மாமாவுக்கு.

பழைய ஃபிட்டர்:
தம்பி, அந்த ஸ்ட்ராங்தான் வம்பு. பழைய ஆர்மை வெட்டுமுகத்தில் பாருங்கள்: இரண்டு சி சானலை முதுகோடு முதுகாகச் சேர்த்த ஐ வடிவம். மேலும் கீழும் சுலபமாக வளையாது, முறுக்கினால் கொடுக்கும். ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால் ஆக்ஸில் சாயும். ஆர்ம் யு போல்ட்டால் அதோடு இறுக்கியிருப்பதால் அதுவும் முறுக்கிக்கொண்டாக வேண்டும். மூடிய பெட்டி அதற்கு இடம் கொடுக்காது. மொத்த ஆக்ஸிலும் ஒரே ஆன்டி ரோல் பார் (வண்டி பக்கவாட்டில் சாயாமல் தடுக்கும் கம்பி) போல ஆகிவிடும். பாரம் முன் பிராக்கெட்டுக்கும் யு போல்ட் இருக்கைக்கும் போய் அங்கேதான் விரிசல் விடும். பாலியூரித்தேன் போட்டால் ரப்பர் கொடுத்த கொஞ்சநஞ்ச அசைவும் போச்சு. நாஸ்கார் பந்தய வண்டிகளில் வெகுகாலம் ஓடியதும் இதே மாதிரி ஐ வடிவ ஆர்ம்தான். சானல் வாங்குங்கள், பெட்டிக் குழாயை வீட்டு கேட் செய்ய வையுங்கள்.

ஜூரோங் மணியம்:
பெட்டிதான் வேண்டும் என்றால் முன் முனையில் புஷ்ஷுக்குப் பதில் சுழலும் கோள மூட்டு போடலாம். சத்தம் கேட்கும், மாமா திட்டுவார். 4 அங்குலம் இறக்கினால் ஆர்ம் திரும்பி பினியன் மூக்கு (ஆக்ஸிலில் டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) கீழே போகும், அந்தக் கோணத்தைச் சரிசெய்ய ஆப்பு ஷிம் (ஆப்பு வடிவத் தகடு) வேண்டியிருக்கும். ஒரிஜினல் பான்ஹார்ட் ராட் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குக் கம்பி) குட்டை, இறக்கிய வண்டியில் ஆக்ஸில் ஒரு பக்கம் தள்ளி நிற்கும். நீளமான ராட் போடுங்கள்.

உட்லண்ட்ஸ் செல்வா:
சரி அண்ணே, சானலும் ரப்பர் புஷ்ஷும். வண்டி அங்கே, வெல்டிங் இங்கே. ஆக்ஸில் இருக்கையை எப்படிப் பொருத்துவது?

பழைய ஃபிட்டர்:
இங்கே டாக் (சின்னப் பொட்டு வெல்ட்) மட்டும் வையுங்கள். செனாயில் வண்டி தன் எடையோடு சக்கரத்தில் நிற்கும்போது பினியன் கோணம் பார்த்து, கியர்பாக்ஸ் அவுட்புட்டுக்கு இணையாக வந்தபின் முழு வெல்ட். ஆர்மின் கீழ்ப் பட்டையில் குறுக்கே வெல்ட் இழுக்காதீர்கள், நீளவாக்கில் போடுங்கள். புஷ் போல்ட்டையும் அந்த உயரத்தில்தான் இறுக்க வேண்டும், ஜாக்கில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் கிழியும்.